காதில் மாட்டாத கிளிப்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் என் காலைப் பொழுது தினமும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது: "காற்று பிரிந்ததா?" ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கடல் தாண்டிப் போன அறுவை மருத்துவன் கட்டில் கட்டிலாக நின்று இதையா கேட்கிறான் என்று. இதைத்தான் கேட்கிறேன். குடலில் கத்தி வைத்தால் அது சில நாள் உறங்கிவிடும். காற்று பிரிந்தால் விழித்துக்கொண்டது என்று பொருள். அப்புறம்தான் கஞ்சி. மூளையிலிருந்து குடல்வரை இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதிலும் ஓடுகிறது. அங்கே ஒரு கிளிப்பை மாட்டி, எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய மின்சாரம் கொடுத்தால் குடல் சீக்கிரம் விழிக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. மனைவியையும் மகளையும் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு நான் இங்கே வந்தது இது ஒன்றுக்காகத்தான்.

"டா கெந்துட், மாக்சிக்?" என்று இதையே மலாயில் கேட்டால் மலாய் அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என் உச்சரிப்பைத் திருத்துவார்கள், பதிலும் சொல்லிவிடுவார்கள். தமிழர்களிடம் எனக்குக் கஷ்டமே இருக்காது என்று நினைத்திருந்தேன். நான் படித்த ஊரில், "சார், காத்து பிரிஞ்சிட்டு!" என்று வார்டின் அந்தக் கோடியிலிருந்து நோயாளியின் தம்பி கூவுவார், நாலு கட்டில்காரர்கள் சேர்ந்து சந்தோஷப்படுவார்கள். அதே மொழிதானே இங்கேயும் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து ஊரான உலு திராமிலிருந்து வந்த சரோஜா அக்கா, என் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்ட தமிழர்களில் ஒருவர். தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர். பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்தோம். மூன்றாம் நாள் கேட்டபோது, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே "ஆச்சு டாக்டர்" என்றார். கிளிப் மாட்டியதற்கான குறிப்பேட்டில் வேளை தவறாமல் டிக். பக்கத்தில் ஆராய்ச்சித் தாதி கலைச்செல்வியின் கையெழுத்து. வயிற்றில் ஸ்டெத் வைத்தேன். சத்தம் கேட்டதுபோல்தான் இருந்தது. ஆசைப்பட்டவனுக்குக் கேட்காதா? கஞ்சி கொடுக்கச் சொன்னேன். மறுநாள் வயிறு பானையாக உப்பி, பச்சை பச்சையாக வாந்தி. மூக்கு வழியாகக் குழாய் இறக்கும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். துண்டு எடுக்க அவருடைய பையைத் திறந்தால், கிளிப் உறை பிரிக்காமல் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, உடம்பு தேறியபின் கேட்டேன்.

"காதுல கரண்டு வைக்கிறீங்க, பயமா இருந்துச்சு டாக்டர்."

"சரி. காத்து பிரிஞ்சிடுச்சுன்னு ஏன்க்கா சொன்னீங்க?"

"ஆம்பள டாக்டர்கிட்ட அதெல்லாம் எப்படிப் பேசுறது? நீங்களும் தெனம் ஆசையா வந்து கேக்குறீங்க. இல்லன்னு சொன்னா மொகம் வாடிப் போவுது. பாவமா இருந்துச்சு லா."

பாவமா! செத்துப் பிழைத்தது அவர், பாவம் நானாம். கலையைத் தனியே கூப்பிட்டேன். என்னை "அண்ணே" என்று கூப்பிடுகிறவள். போன தீபாவளிக்கு நான் சாப்பிட்டது அவள் வீட்டில்தான்.

"அலமாக், கோவிச்சிக்காதீங்க அண்ணே. அக்கா கெஞ்சுனாங்க, டிக் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் போட்டேன். எங்க ஆளுங்க இப்படித்தான். நீங்க இந்தியாலேர்ந்து வந்தவங்க, ஒங்களுக்குச் சொன்னா புரியாது."

 நான் அரைகுறை மலாயில் கேட்டவர்களெல்லாம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். தாய்மொழியில் நான் கேட்டவர்கள்தான் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் அன்பாக. இரண்டு வருட உழைப்பில் எந்தப் பக்கத்தை இனி நம்புவது?

சேகரித்த அத்தனையையும் திரும்பப் பெறுவதாக மருத்துவமனையின் ஆய்வு நெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்குக் கலையையும் கூப்பிட்டிருந்தார்கள். கதவோர நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கிளிப் மாட்டவில்லை என்று தெரிந்தே அவள் டிக் போட்டாள் என்று தெரிந்தால் அவள் வேலை போய்விடும். போகட்டும், சொல்லியே தீர்வது என்ற வெறியோடுதான் நான் போயிருந்தேன். குழுத் தலைவரான மலாய்ப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் மென்மையாகக் கேட்டார்: "உங்கள் ஆட்கள்தானே டாக்டர், உங்களிடமே ஏன் பொய் சொன்னார்கள்?"

என் ஆட்கள் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவர்கள்மேல் தப்பில்லை, மேடம். குறிப்பேட்டை எப்படி நிரப்புவது என்று நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றேன். பேராசிரியை அதை அப்படியே என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். கலை நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவள் பக்கம் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை.