ஏஞ்சலின் கொடுத்த அரை மாத்திரை

இலங்கையில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் ஏஞ்சலின். ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். பதினெட்டு வருடத்தில் அவள் திட்டாத தாயும் இல்லை, தூக்காத பிள்ளையும் இல்லை. ஒரு பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய மருந்தை எறிய அவளுக்கு மனசு வராது. இன்னொரு பிள்ளைக்கு ஆகும் என்று பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி திறப்பது வாரத்தில் இரண்டே நாள்.

போன ஆனி மழையில் சுதர்ஷினியின் ஆறு மாதப் பையன் கவிஷனுக்குச் சளி பிடித்தது.

"வேலைக்குப் போகலன்னா இன்னைக்குப் பேரு போடமாட்டாங்க அக்கா," என்று அவள் கெஞ்சினாள். பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை.

ஏஞ்சலின் டின்னைத் திறந்தாள். மூச்சிழுப்பு வந்த நாலு வயதுப் பிள்ளைக்கு டவுன் டொக்டர் கொடுத்த ஸ்டெரொயிட் மாத்திரையில் ஒன்று மிஞ்சியிருந்தது. அந்தப் பிள்ளை மறுநாளே எழுந்து ஓடியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். பாதியை நசுக்கிப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். மறுநாள் மீதிப் பாதி.

"இரு, கேட்டுரும்," என்றாள்.

கேட்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவில் குழி விழுந்தது. த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிங்களத்தில் பேச ஏஞ்சலினும் போனாள்.

நெஞ்சுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்கள் கிருமியால் வீங்கி அடைத்திருக்கின்றன என்றார் டொக்டர். கைக்குழந்தைக்கு வரும் இந்த நோய்க்கு ஸ்டெரொயிட் உதவாதாம். அதை நம்பிக் காத்திருந்த இரண்டு நாள்தான் கெடுதலாம். ஒக்சிஜன் வைத்து, மூக்குவழிக் குழாயில் பால் கொடுத்து, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"வேற மருந்தே இல்லையாமா அக்கா?"

"இல்லையாம்டி."

அதைச் சொல்லும்போது செத்துப்போகலாம் போலிருந்தது ஏஞ்சலினுக்கு. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை, தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் கவிஷன் தானாகப் பால் குடித்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமே கொண்டாடியது, ஏஞ்சலின் அக்காவின் மாத்திரைதான் காப்பாற்றியது என்று. இல்லை, இல்லை என்று ஏஞ்சலின் வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். அக்காவுக்குப் பெருமை பிடிக்காது என்று சிரித்தார்கள். டின்னை அப்படியே கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கொட்டினாள்.

போன திங்கட்கிழமை காலை அதே லயத்துத் துஷ்யந்தி வந்தாள். கையில் மூன்று மாதக் குழந்தை. அதன் விலாவிலும் அதே குழி.

"அந்த மாத்திரையக் குடுங்க அக்கா."

"அது கேக்காதுடி! இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. ஒன் காலைப் புடிக்கிறேன்."

"சுதர்ஷினி புள்ளைக்குக் குடுத்தீங்க. என் புள்ளைக்கு மட்டும் இல்லையா?"

அழுதுகொண்டே குழந்தையைத் தோளில் போட்டு லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பஸ் போகும் ரோடு அந்தப் பக்கம் இல்லை. ஒன்பது பிள்ளைகளைத் தனியே விட்டுப் பின்னால் ஓட முடியாமல், ஏஞ்சலின் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள்.