மூன்று கஜத் தையல்

கிளாரிஸ் ஊரை விட்டுப் போனது டிசம்பர் இருபதாம் தேதி, ஒரு வியாழக்கிழமை. நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்ஸி இரண்டரைக்கே வந்து நின்றது. கிறிஸ்துமஸ் நெரிசலில் விமான நிலையம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது, சீக்கிரம் ஏறுங்கள் என்று டிரைவர் கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினான். அவளுடைய அம்மா யூலலி லெசாமா முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசி. மடியில் ஒயின் நிறத்தில் தங்க இலை போட்ட திரைத் துணி.

"மா, வண்டி வந்திருச்சு. கிளம்புறேன்."

"ம்ம்," என்றாள் யூலலி.

வாயில் ஊசி இருக்கும்போது அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த ஒரு ஓரத்தை முடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். மூன்று கஜ ஓரம். பெண்ணை வாசலில் நிறுத்தி, கட்டிப் பிடித்து, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும் என்று விடிந்ததிலிருந்து மனதில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு நேரம் வேண்டுமென்றுதான் அவ்வளவு வேகமாகத் தைத்துக்கொண்டும் இருந்தாள். ஹாரன் இரண்டு முறை அடித்தது. ஓரம் முடிந்தது. ஊசிகளை எடுத்துத் துணியில் குத்திவிட்டு அவள் நிமிர்ந்தபோது கேட் திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

நடந்தது அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. மறுநாள் காலையில் டொரொண்டோவிலிருந்து போன் வந்தது. "சேர்ந்துட்டேன்மா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிரா?" "குளிர்தான்." அந்த வியாழக்கிழமையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. பேசாமலே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கிளாரிஸ் அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் இருந்தாள். அங்கே தங்குவதற்கான காகிதங்கள் இன்னும் கைக்கு வரவில்லை, வந்ததும் வருகிறேன் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் சொன்னாள்.

எங்கள் ஊர் அரீமாவிலிருந்து மலை ஏறும் சாலையில் இருக்கிறது. டிரினிடாடில் எந்த ஊரிலும் கிறிஸ்துமஸுக்குச் சுவர் பழையதாக இருக்கலாகாது, தரைவிரிப்பு பழையதாக இருக்கலாகாது, திரை மட்டும் பழையதாக இருக்கவே கூடாது. டிசம்பர் முதல் ஞாயிறு வந்தால் எல்லா வீட்டிலும் பழைய திரைகளைக் கழற்றிவிடுவார்கள். புதியது ஏறுவது இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான். நடுவில் மூன்று வாரம் ஊரே மொட்டை ஜன்னலோடு நிற்கும். யார் வீட்டில் பண்டிகைப் பன்றித்தொடை ஹாம் வந்திறங்கியது, யார் சுவருக்குப் பச்சை அடித்துவிட்டு வருத்தப்படுகிறார்கள், யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். அந்த மூன்று வாரத்தில் ஊருக்கே திரை தைத்துக் கொடுக்கிறவள் யூலலி. எங்களுக்கு டான்ட்டி லாலி, அதாவது லாலி அத்தை.

நான் ஐந்து வருஷம் வெளியே சுற்றிவிட்டுப் போன நவம்பரில் திரும்பி வந்தேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரெதிரே அவளுடைய ஜன்னல். வந்த முதல் வாரமே ஒன்று கவனித்தேன். டான்ட்டி லாலியின் மெஷின் சத்தம் பழையபடி ஒரே ஓட்டமாக இல்லை. ஓடும், சட்டென்று நிற்கும். யாராவது கேட்டைத் திறந்தால் நிற்கும். அவர் உள்ளே வந்து, பேசி, துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய், கேட்டைச் சாத்தி, சாலை வளைவில் இருக்கும் மாமரத்தைத் தாண்டும்வரை நின்றே இருக்கும். அதுவரை அவள் பெடலிலிருந்து காலை எடுத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஆளைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊரில் இதற்குச் சிரிக்காதவர்கள் இல்லை. ஒரு நாள் நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது வேன் ஓட்டும் கன்ஹாய் துணி மூட்டையோடு வந்தார்.

"என்ன டான்ட்டி இப்படிப் பாக்குறே? சவப்பெட்டிக்கு அளவு எடுக்கிறியா?"

"உனக்கு ஒரு பெட்டி பத்தாதுடா. வயித்துக்குத் தனியா ஒண்ணு செய்யணும்."

"நீ என்னைப் பாத்துட்டே இரு. என் பொண்டாட்டி அரீமா கடையில ரெடிமேட் திரை வாங்கிடுவா."

"வாங்கட்டும். ரெண்டு தடவை தோச்சா கைக்குட்டை ஆயிடும்."

அவர் போனார். அவள் பார்த்தாள். வேன் மாமரத்தைத் தாண்டியதும், "நீலச் சட்டை. ரெண்டாவது பட்டன் வேற கலர். போன வருஷம் டிசம்பர் ஆறாம் தேதி வந்தப்ப காக்கிக் கால்சட்டை, இடது செருப்புல வார் அறுந்திருந்துச்சு," என்று எனக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினாள்.

அவர் சும்மா மிரட்டவில்லை. முன்பு இருபத்து மூன்று வீட்டுக்குத் தைத்தவள், இப்போது பன்னிரண்டு வீட்டுக்குத்தான். நேரத்துக்கு முடிவதில்லை என்று சிலர் விலகிவிட்டார்கள். வேறு சிலருக்கு அந்தப் பார்வையே சங்கடமாக இருந்தது. துணியைக் கேட்டில் மாட்டிவிட்டு, "டான்ட்டி, வச்சிருக்கேன்!" என்று கூவிவிட்டு நடையைக் கட்டினார்கள். அப்படி ஆள் வராமல் மூட்டை மட்டும் வந்த நாட்களில் அவள் மத்தியானம்வரை வாயே திறக்காமல் தைப்பாள்.

நான் குவாத்தமாலாவில் ஒரு ஏரிக்கரையில் பத்து நாள் மௌனமாக உட்கார்ந்த கதையை ஒரு நாள் சொன்னேன். மூச்சைக் கவனிப்பது, நடப்பதைக் கவனிப்பது, மெதுவாகச் சாப்பிடுவது.

"பத்து நாள் பேசாம இருந்தியா? நீயா?"

"ஆமா டான்ட்டி."

"உங்கம்மாகிட்ட சொல்லாத. இங்கேயே ஆரம்பிக்கச் சொல்லுவா." சிரித்தாள். பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எனக்கும் அதை ஒருத்தி சொல்லிக் குடுத்தா. திராட்சைய வச்சு," என்றாள்.

கிளாரிஸ் போன இரண்டாவது வருஷம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, கண் மங்கி, மெஷின் மேலேயே சாய்ந்திருக்கிறாள். அரீமா சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு வகுப்புக்கு வரச் சொன்னார்கள். பண்டிகை நெரிசலில் மனதை இந்த நிமிஷத்தில் நிறுத்திவைக்கப் பயிற்சி. சின்ன வயது நர்ஸ் ஒருத்தி பதினைந்து பேரை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சை கொடுத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "சிஸ்டர், இது ரம்மில ஊறினதா, வெறும் திராட்சையா?" என்று கேட்டது. கறுப்பு கேக்குக்கு ஆறு மாதமாக ஜாடியில் திராட்சை ஊறவைக்கிற ஊரில் இதைக் கேட்காமல் இருப்பார்களா? எல்லாரும் சிரித்து முடித்ததும் நர்ஸ் சொன்னாளாம்: இதுக்கு முன்னாடி திராட்சையே பாத்ததில்லாத மாதிரி பாருங்க. அஞ்சு நிமிஷம்.

"பாத்தேன்," என்றாள் டான்ட்டி லாலி. "ஒரு பக்கம் பளபளன்னு இருந்துச்சு, ஒரு பக்கம் மங்கல். காம்பு இருந்த இடத்துல பொட்டு மாதிரி ஒரு வெள்ளை. ஒரு சுருக்கம் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஓடுது. இன்னிக்கு அதை நூறு திராட்சைக்கு நடுவுல போட்டாலும் பொறுக்கி எடுத்துடுவேன். அஞ்சு நிமிஷம், ஜோஸெட். ஒரு திராட்சைக்கு அஞ்சு நிமிஷம் குடுத்தேன்."

அங்கேயே அழுதுவிட்டாளாம். நர்ஸ் தோளைத் தட்டி, நல்லது, வெளியே வரட்டும் என்றாளாம்.

"எனக்கு அவளை ஒரு அறை விடணும்போல இருந்துச்சு. திராட்சைய வாயில போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அந்த வியாழக்கிழமையை முழுதாகச் சொன்னாள். டாக்ஸி, ஹாரன், குண்டூசி, ஆடிய கேட். கிளாரிஸ் என்ன உடை போட்டிருந்தாள், தலையைப் பின்னியிருந்தாளா விரித்திருந்தாளா, அழுதாளா என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. மூன்றாம் நாளே அரீமா டாக்ஸி நிறுத்தத்துக்குப் போய் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவன், "அம்மா, டிசம்பர் மாசம் நான் பெட்டியத்தான் பாக்குறேன், ஆளைப் பாக்குறதில்ல," என்று சொல்லிவிட்டான். கிளாரிஸ் அனுப்பிய முதல் போட்டோவில் யாரோ கொடுத்த பெரிய குளிர் அங்கி அவளை முழங்கால்வரை மூடியிருந்தது.

"என் மடியில இருந்த துணியக் கேளு, சொல்றேன். ஒயின் கலர், தங்க இலை, ஒரு இலைக்கு அஞ்சு நரம்பு. அது ஞாபகம் இருக்கு."

எனக்கும் அந்தத் துணி ஞாபகம் வந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டு முன்னறையில் தொங்கியது அதுதான். அன்று காலையில் அம்மா அனுப்பி நான் இதே வாசலில் வந்து நின்று, எப்ப ஆகும், எப்ப ஆகும் என்று நச்சரித்துவிட்டுப் போயிருந்தேன்.

"டான்ட்டி, அது எங்க..."

"தெரியும். எல்லாரும்தான் அவசரப்படுத்தினாங்க. அதுக்காக இதைச் சொல்லல." பெடலிலிருந்து காலை எடுத்தாள். என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "அன்னிக்குக் காலையில கதவைத் திறந்தது அவதானே? நீ பாத்தே இல்ல? என்ன போட்டிருந்தா?"

நான் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் இதைக் கேட்கத்தான் காத்திருந்தாள் என்று அப்போது புரிந்தது. கண்ணை மூடித் தேடிப் பார்த்தேன். கிளாரிஸின் முகம் வந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. மஞ்சள் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்கு மஞ்சள் பிடிக்கும். சொன்னால் டான்ட்டி நம்பியிருப்பாள். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியல டான்ட்டி. நான் துணியத்தான் பாத்தேன்."

"பரவால்ல."

"அவளையே கேளேன்."

"கேட்டா, நான் பாக்கலேன்னு சொன்ன மாதிரி ஆகும்."

"அவளுக்குத் தெரியாதா?"

அவள் பெடலை மிதித்தாள். மெஷின் ஓடியது.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் ஊரில் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு வந்தது. சிவப்பு, பச்சை, கிரீம். அதுவரை திறந்து கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. டான்ட்டி லாலி வீட்டு ஜன்னல் மட்டும் மொட்டையாக இருந்தது. ஆறு வருஷமாக அவள் தனக்குத் திரை தைத்துக்கொள்வதில்லை. திரை போட்டால் மெஷினிலிருந்து கேட் தெரியாது. நான் ஒரு தட்டில் வாழையிலையில் சுற்றி வேகவைத்த பாஸ்டெல்லும், புளிச்சைப் பூ ஊறவைத்த சிவப்புச் சாறும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் போனைக் கையில் வைத்து, பேச்சைப் பதிந்து அனுப்புகிற பொத்தான் எது என்று தேடிக்கொண்டிருந்தாள். காட்டிக் கொடுத்தேன். வெளியே போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இரு என்றாள்.

"கிளாரிஸ், அம்மா பேசுறேன். ஒண்ணு கேக்கணும். நீ போன அன்னிக்கு என்ன போட்டிருந்தே? நான் பாக்கல. தைச்சிட்டிருந்தேன். ஒரே ஒரு ஓரம்தான் பாக்கி இருந்துச்சு." பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கீழே யாரோ நாலு தந்தி குவாட்ரோ மீட்டிச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் சேர்ந்து பதிவானது. "அவ்ளோதான். குளிருக்கு ஏதாவது போட்டுக்க."

மறுநாள் காலையில் கிளாரிஸ் வழக்கம்போலக் கூப்பிட்டாள். ஹாம் எப்படி இருந்தது, கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டாள். அந்தப் பேச்சைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. கேட்டுவிட்டாள் என்பதற்கு போனில் நீலக் குறி மட்டும் விழுந்திருந்தது. ஜனவரி போனது, கார்னிவல் போனது, தவக்காலம் போனது. கூப்பிடுவது வாரம் ஒன்றிலிருந்து மாதம் ஒன்றானது. டான்ட்டி லாலி பள்ளிச் சீருடைகள் தைத்தாள். நான் எதிரே ஜன்னலில் நின்றால் கையை ஆட்டுவாள். கேட்டுப் பார் என்று சொன்னது நான்தான். அதனால் அவள் வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அவளும் கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம் தெரியாமல் பார்த்தேன். மெஷின் ஓடவில்லை, யாரும் வரவும் இல்லை. அவள் மடியில் கையை வைத்து வெறும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பருக்குப் பச்சைத் துவரை வேண்டுமென்றால் ஜூனில் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாள் அன்று விதை ஊன்ற வேண்டும். அன்று ஊரில் எல்லாரும் பூசை முடிந்து மண்ணில் இறங்குவார்கள். நான் எங்கள் வேலிப் பக்கம் குழி போட்டுக்கொண்டிருந்தேன். டான்ட்டி லாலி சாலையைக் கடந்து வந்தாள். முழங்கைவரை மண். போனை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்திருந்தாள்.

"கண்ணாடி உள்ள இருக்கு. என்னன்னு படி."

"கண்ணாடி போட்டுட்டு நீயே படியேன் டான்ட்டி."

"படின்னா படி."

கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினேன். அவள் கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல் என் வாயையே பார்த்தாள். படித்தேன்.

"மா, நீ பேசினதைக் கிறிஸ்துமஸ் அன்னிக்கே கேட்டுட்டேன். இவ்ளோ நாள் என்ன சொல்றதுன்னு தெரியல. அன்னிக்கு நீ தைச்ச மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தேன். ஆனா அதுக்கு மேல பழைய சாம்பல் ஸ்வெட்டர், கழுத்துவரைக்கும் பட்டன் போட்டு. நீ நிமிர்ந்திருந்தாலும் மஞ்சள் தெரிஞ்சிருக்காது. முடி பின்னல. மாமரத்துகிட்ட வண்டி திரும்பறப்ப மெஷின் நின்னது எனக்குக் கேட்டுச்சு. நீ எழுந்துட்டேன்னு தெரியும். ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு டிரைவர்கிட்ட நான் சொல்லியிருக்கலாம். சொல்லல மா."