ஆறாவது கரண்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் நடந்தது இது. எனக்குப் பழைய ஸ்டெர்லிங் வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, கத்தி சேர்க்கிற கிறுக்கு உண்டு. முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அலமாரியில் இருக்கிறது. வீட்டில் நான் ஒருவன்தான். சாப்பிடுவது கையால்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, சேரன்மகாதேவிப் பக்கம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், அவரிடம் மிஷன் காலத்து வெள்ளிக் கரண்டிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஓடினேன். பின்பக்கத்தில், அசல் ஸ்டெர்லிங் என்பதற்கு அடையாளமான சிங்க முத்திரை இருந்தது. ஆனால் பெட்டியில் ஆறு குழி, ஐந்து கரண்டி. ஆறாவது நெளிந்து கிடக்கிறது, உங்களுக்கு வேண்டாம் என்றார். நான் விடுவேனா? செட்டு உடையக் கூடாது டீச்சர், ஆறும் இருந்தால்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து எடுத்துவந்து தந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கரண்டியைத்தான் பார்த்தேன்.

அதன் விளிம்பில் குட்டிக் குட்டியாகப் பள்ளங்கள். பழைய வெள்ளியில் கை வைக்கக் கூடாது என்பது என்னைப் போன்றவர்களுக்கு முதல் பாடம். தெரிந்தும், மற்ற ஐந்துக்கு நடுவே இது மட்டும் இப்படி இருக்கிறதே என்று பொறுக்காமல் டவுனில் ஓர் ஆசாரியிடம் கொடுத்தேன். தட்டி, அரம் போட்டு, மெருகேற்றித் தந்தார். எனக்கு ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். புறப்படுவதற்கு முன் அந்தக் கரண்டியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். பெட்டியோடு போனேன். அவர் கண்ணாடிகூடப் போடவில்லை. ஒவ்வொரு கரண்டியாக எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். ஆறும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவர் அந்தப் பள்ளங்களைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரிசெய்துவிட்டதைச் சொன்னேன்.

“எம் பிள்ளைக்குப் பல்லு மொளைக்கையில கடிச்ச தடம் அது,” என்றார் பைய. “ரெண்டு வயசுல கர்த்தர்கிட்ட போயிட்டா. ஒரு போட்டோகூட எடுக்கல.”

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆறையும் சேலைத் தலைப்பால் துடைத்து, அந்தந்தக் குழியில் வைத்து மூடினார்.

“நீங்க கொண்டுபோங்க சார். செட்டு உடையக் கூடாதுல்லா.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் நெளிந்த கரண்டியைப் பார்த்தாலும், யார் நெளித்தது என்று கேட்ட பிறகுதான் தொடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், யாரும் வராத வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியைத் திறந்து ஆறையும் தடவிப் பார்க்கிறேன். எது அவள் கடித்த கரண்டி என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை.