மோட்டாருக்கு வைத்த குங்குமம்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. 'ஸ்டார்ட்அப்' என்ற சொல் எங்கள் போபோடி சந்துக்குள் இன்னும் நுழையவில்லை. மகர்பட்டாவில் கிடைத்த கம்ப்யூட்டர் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கழிவுநீரைக் கட்டிக்கொண்டு அழுத எனக்கு அங்கே இருந்த பெயர் 'வேலையை விட்டவன்'.

இன்னும் பத்து வருடத்தில் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள்கூடத் தங்கள் கழிவைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். முதல் தொட்டியை ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு தயாரிக்கும் ஒருவரின் பட்டறைக்குப் பின்னால் வைத்தேன். தயிரை வடிகட்டினால் மிஞ்சும் புளித்த நீர் அதுவரை நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் விழுந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்தேன். அவை மூச்சுவிட ஒரு மோட்டார் இரவு பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தசராவுக்கு மறுநாள் தண்ணீர் தெளிவாக வந்தால் தொட்டி அங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது.

பகலில் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் துடைத்து சாமந்தி மாலை போட்டார்கள். தசராவுக்காக ராப்பகலாக வடித்த தயிர்நீர் தொட்டியில் விளிம்புவரை நின்றது. அப்பாவும் எங்கள் மோட்டாரை அணைத்து, திருநீறு பூசி, குங்குமம் வைத்தார். பூஜை போட்ட இயந்திரத்தை தசரா கழியும்வரை யாரும் ஓட்ட மாட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பது உயிர் என்று ஊரெல்லாம் விளக்கிக்கொண்டு திரிந்த மகாமேதைக்கு அந்த நேரத்தில் அது வெறும் மோட்டாராகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை கேட்டிலேயே நாற்றம் அடித்தது. தொட்டி நீர் கறுத்துப் போயிருந்தது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுபடி சரியாக எத்தனை நாள் ஆகும் என்று ஹிந்தியில் கேட்டார். மூன்று வாரம் என்றேன்.

"அதுக்குள்ள தீவாளியே வந்துடும் பாய். ஆர்டரை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அவரால் பூஜையைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் மனைவிதான் என் மோட்டாருக்கும் ஆரத்தி எடுத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாலாவுக்குப் போகும் பழைய வால்வைத் திறந்துவிடும்படி தணிந்த குரலில் சொன்னார். என் கையாலேயே திறந்தேன்.

அப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது தொட்டி பாதி காலியாகியிருந்தது. முப்பது வருடம் மருந்து நெடியில் கிடந்த மூக்குக்கு நாற்றம் எட்டவில்லை. நான் தொட்டியைக் கழுவப் போகிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டார். தண்ணீரின் பாரம் குறைந்திருந்ததால் அது சுலபமாகச் சுற்றியது.

"பாத்தியாடா, ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்ததும் எப்படி ஓடுதுன்னு! வருஷா வருஷம் விடாம பண்ணணும்," என்றார்.

"சரிப்பா," என்றேன்.