நாற்றமில்லாத கேஸ்

போன வாரம் வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் போட்ட கத்தல் லாங் பஜார் வரை கேட்டிருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய காரின் ஏ.சி.யைக் காட்டத்தான் போயிருந்தோம்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, குழாயில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே குமிழ் ஓடியது. “கேஸ் கம்மி சார். ஏத்திடலாம்” என்றார். சரியான கணிப்பு. சிலிண்டரை எடுக்க, வண்டிக்கு அடியில் வேலை பார்ப்பதற்கான பள்ளத்தில் காலை வைத்தார்...

அப்போதுதான் கத்தினேன்.

“இன்னா சார், பாம்பா?”

பாம்பென்றால் சீறவாவது செய்யுமே!

எழுபதுகளில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வண்டிகளுக்கு நான் பொறுப்பு. தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று முதலாளி ஒரு ஏ.சி. கார் வைத்திருந்தார். அதன் மெக்கானிக் தேவசகாயம். சிலிண்டர் வெயிலில் காயக் கூடாதென்று பள்ளத்துக்குள் வைப்பார். எங்கள் ஊரில் வேறெங்கே நிழல் குளிர்ந்திருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை. புதனன்று விருந்தாளிகள்; காரில் குளிர் போதவில்லை. சனிக்கிழமை பலகை போட்டு மூடிய பள்ளத்தைத் திறந்தார்.

“கொஞ்சம் காத்தாட விட்டு இறங்கு, சகாயம்” என்றேன்.

“நாத்தமே இல்லியே சார்! உங்க ரூல்ஸ் எல்லாம் முடியறதுக்குள்ள வெள்ளக்காரன் வெந்து பூடுவான்.”

சிரித்துக்கொண்டே இறங்கினார். தோல் ஊறும் ஊரில் மூக்குதான் இன்ஸ்பெக்டர் — நாறினால் ஆபத்து, நாறாவிட்டால் பயமில்லை. ஆனால் இந்தக் கேஸ் நாறாது. காற்றைவிடக் கனம். ஞாயிறு முழுக்க வால்வு வழியே கசிந்து, மூச்சுக்கான காற்றை வெளியே தள்ளிவிட்டு, பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கியிருந்தது.

குனிந்தவர் நிமிரவில்லை.

டிரைவராக இருந்த அவர் மைத்துனன் பாய்ந்து வந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். இரண்டாவது ஆளை இறக்கக் கூடாது — அதுதான் முறை.

“வுடு சார்! மச்சான் சார் அது! வுடுய்யா!”

விடவில்லை. கயிறு தேடி, கொக்கி மாட்டி, மேலே இழுப்பதற்குள்... முடிந்துவிட்டது.

விசாரணையில் என்மேல் குற்றமில்லை. சிலிண்டரைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும் என்று நான் கையெழுத்திட்ட நோட்டீஸ் சுவரிலேயே இருந்தது. பிழையில்லாத ஆங்கிலத்தில். தேவசகாயத்துக்குத் தமிழ் பைபிள் மட்டும் படிக்க வரும். அவர் சிலிண்டரைப் பள்ளத்தில் இறக்குவதைத் தினமும் பார்த்தேன். நோட்டீஸ் ஒட்டியாயிற்றே என்று சும்மா இருந்தேன்.

புதன்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். வேறு ஆள் கேஸ் ஏற்றிய கார் ஜில்லென்று இருந்தது.

அதனால்தான் போன வாரம் கத்தினேன் — தமிழில்.