டிரைவர் ஏசுராஜ் சொன்ன ‘யெஸ்’

ஏசுராஜ் குடிகாரன் என்று 1984-இல் வெள்ளக்கடை ஊரே நம்பியது. அவனோ சாராய வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆள். அவனைக் கெடுத்தது சாராயம் அல்ல, இங்கிலீஷ். அங்கே காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த நான் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

ஜீப் ஓட்ட ஆள் வேண்டும் என்று புது மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். வடக்கேயிருந்து வந்த ஓய்வுபெற்ற மேஜர். தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஏசுராஜுக்கு எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ், அதிலும் பாதி மறந்துவிட்டது. லைசென்ஸைப் பார்த்துவிட்டு மேஜர் கேட்டார்: “யூ டோன்ட் ட்ரிங்க்?”

குடிக்க மாட்டாயா என்கிறார். நம் ஊரில் ஒழுக்கமான பிள்ளை என்ன சொல்வான்? ஆமாங்க, குடிக்க மாட்டேன் என்பான். ஏசுராஜும் நெஞ்சை நிமிர்த்தி, “யெஸ் சார்!” என்றான்.

மேஜர் நம்ப முடியாமல் மறுபடியும் அதையே கேட்டார். இவன் மாதா மேல் சத்தியம் செய்கிற குரலில், “யெஸ் சார்! யெஸ் சார்!” என்றான். இங்கிலீஷில் அதற்கு, குடிப்பேன் ஐயா, நன்றாகவே குடிப்பேன் என்று அர்த்தம். பட்டாளத்தில் பொய் கேட்டுக் கேட்டுச் சலித்த மனுஷர் எழுந்து கைகுலுக்கினார். வேலை கிடைத்தது. உண்மை பேசியதற்குப் பரிசாகச் சனிக்கிழமைதோறும் மிலிட்டரி ரம் ஒரு பாட்டிலும் கிடைத்தது.

துரை கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. வாங்கிக்கொண்டு போய் ஷெட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் கவிழ்த்துவிடுவான். பாட்டிலோடு போவதை எல்லோரும் பார்த்தார்கள். கவிழ்த்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

இதில் மரியசெல்வி மாட்டிக்கொண்டாள். செம்மநத்தத்து மேஸ்திரி சூசைமாணிக்கத்தின் மகள், ஏசுராஜுக்குப் பேசி முடித்த பெண். அவளுடைய அண்ணன் குடித்தே செத்தவன். குடிகாரனுக்குக் கழுத்தை நீட்டுவதைவிடக் கன்னியாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். பாட்டில் சங்கதி காதுக்கு எட்டியதும், மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டாம் என்று மேஸ்திரி சாமியாரிடம் சொல்லிவிட்டார்.

ஏசுராஜ் ஆபீசுக்கு வந்து குமுறினான். “ஏனுங்க ரைட்டரே, குடிக்க மாட்டியான்னு கேட்டாரு, ஆமாங்கன்னு சொன்னேன். இதுல என்னுங்க தப்பு?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பும் வந்தது, இங்கிலீஷ்காரன் மேல் எரிச்சலும் வந்தது. “கேக்கற கேள்விய உடு. நெசத்த மட்டும் பாரு. குடிப்பீன்னா யெஸ்ஸு, குடிக்க மாட்டீன்னா நோ. எப்புடித் திருப்பிக் கேட்டாலும் நோதான்” என்றேன். விதி அவ்வளவுதான். இன்றைக்கும் அது சரியான விதிதான், என்மேல் பழி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

அந்த வாரம் முழுக்கக் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று “நோ, நோ” என்று உருப்போட்டான். பழம் பறிக்கிற பெண்கள் தங்களைத்தான் வராதே என்கிறான் என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டார்கள். சனிக்கிழமை மேஜர் பாட்டிலை நீட்ட, இவன் கைகட்டி நின்றான்.

“யூ டோன்ட் ட்ரிங்க்?”

“நோ சார்.”

மேஜருக்கு நொடியில் எல்லாம் புரிந்து போயிற்று. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் சூசைமாணிக்கம் நேரே பங்களாவுக்கே போய்விட்டார். மகளுடைய வாழ்க்கை, துரை வாயாலேயே கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கோத்து, “டிரைவர் நோ ட்ரிங்க், சார்?” என்று கேட்டார்.

டிரைவரின் மானத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில் மேஜர் மேசையைத் தட்டி, “நோ! நோ!” என்றார். குடிக்கவே மாட்டான் என்று அர்த்தம்.

சூசைமாணிக்கம் தமிழ்க் காதால் கேட்டார். குடிக்க மாட்டானா? இல்லை, இல்லை! தலையில் கைவைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தவர், “துரையே ரெண்டு தரம் சொல்லிப்போட்டாரு கண்ணு. மேசையத் தட்டிச் சொல்லிப்போட்டாரு” என்று மகளிடம் சொன்னதை நானே கேட்டேன். நான் விளக்குவதற்குள் பூசை மணி அடித்துவிட்டது.

பூசை முடிந்ததும் மரியசெல்வி கோயில் வாசலில் ஏசுராஜை மறித்தாள். ஊரே நின்று பார்த்தது. “ஏனுங்க, எனக்கு ஊரு பேச்சும் வேண்டாம், துரை பேச்சும் வேண்டாம். நீங்க சொல்லுங்க. நீங்க குடிக்க மாட்டீங்கதானுங்களே?”

ஒரு வாரம் உருப்போட்ட வாய். எப்படித் திருப்பிக் கேட்டாலும் நோதான்.

“இல்லீங்க” என்றான்.

எனக்கு அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் போகவில்லை. கிட்டே வந்து, “ஊதுங்க” என்றாள்.

ஊதினான். முகர்ந்தாள். மறுபடியும் ஊதச் சொன்னாள். வயிறு காய்ந்தவன் வாயில் அடிக்கிற வாடையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

“நீங்க சாப்பிடலீங்களா?”

ஏசுராஜ் வாயைத் திறந்தான். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? என்னைப் பார்த்தான். நான் சாமியாரைப் பார்த்தேன். திறந்த வாயை மூடாமலே அவன் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க” என்றாள் மரியசெல்வி. “ஊட்டுக்கு வாங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கேன்.”