சுவருக்குள் ஒரு படிக்கட்டு

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மாதம் ஒருமுறை கணக்கர் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. பெரிய மண்டபத்தின் ஒரு கோடியில் நின்று, "தண்ணி கறுத்துப் போச்சு, மாத்துங்கடி!" என்று அவள் சொன்னால், மறுகோடியில் துடைப்பவளுக்கு மட்டுமல்ல, மணிக்கூண்டில் அடையும் புறாக்களுக்கும் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்தவள்.

அந்தக் கட்டடத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். விக்டோரியா காலத்தில் எழுப்பியது. சிவப்புச் செங்கல் சுவர்கள், கூர்நுனி வளைவுகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், மழை பெய்தால் வாய் வழியே தண்ணீர் கொட்டும் கல் பூதங்கள், நாலு பக்கமும் நாலு நேரம் காட்டும் மணிக்கூண்டு. வாசலில் ஒரு பளிங்குப் பலகை. பணம் கொடுத்தவர், படம் வரைந்தவர், அடிக்கல் வைத்தவர் என்று அத்தனை பேரும் அதில் உண்டு. அடிக்கல் வைத்தவருக்குக் குடை பிடித்தவனை மட்டும் விட்டுவிட்டார்கள். செங்கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் சுமந்த செங்கல்லின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது: நாற்பது லட்சம்.

மைக் அக்காவின் கணக்கு வேறு. பெரிய மண்டபம் பதினோரு வாளி. நூலகம் ஏழு. நிறுவனர்களின் படங்கள் மாட்டிய நடைகூடம் நாலு, மழைக்காலத்தில் ஐந்து.

முன்பு பார்வையாளர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டியவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். தினமும் இரண்டு முறை, ஒரு சொல் பிசகாமல் அதையே சொல்வார். தூண் மறைவில் துடைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அவருக்கு உடம்பு முடியாமல் போன ஒரு நாள் முப்பது பேர் வாசலில் வந்து நின்றார்கள். அலுவலகத்தில் ஆளாளுக்குக் கையைப் பிசைந்தபோது, அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாங்க, நான் காட்டுறேன்" என்றாள். அவர் இருமும் இடத்தில் மட்டும் இருமவில்லை. மற்றதெல்லாம் அப்படியே சொன்னாள்.

அவர் திரும்பி வரவே இல்லை. அலுவலகம் அவளுக்கு ஒரு நீலக் கோட்டைக் கொடுத்து மூன்று மாதம் தற்காலிகமாக வைத்துக்கொண்டது. கடைசியில் பதிவாளரே கூட்டத்தோடு கூட்டமாக வந்து பார்ப்பார். பிடித்தால் அந்த வேலை. இல்லையென்றால் மறுபடியும் வாளி.

வாளி என்றால் கையோடு போகிற சமாச்சாரம் இல்லை. முழங்கால் சமாச்சாரம். மேல்மாடிக்கு வேலையாட்கள் போக சுவருக்குள் ஒரு படிக்கட்டு உண்டு. ஒரு ஆள் அகலம், அறுபத்தெட்டுப் படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மேலே இருக்கும் நூலகத்தின் ஏழு வாளிக்கு ஏழு தடவை ஏறி இறங்க வேண்டும். மருத்துவமனையில் முழங்கால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "இனிமே படி ஏறக் கூடாதும்மா" என்றார்.

"படி ஏறாம எங்க அடுப்புல எது டாக்டர் ஏறும்?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பதிவாளர் வரும் நாளன்று காலையில் மகள் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள். மகள் தையல் கடையில் வேலை பார்ப்பவள், வாயும் ஊசிதான்.

"அம்மா, எழுதிக் குடுத்ததை மட்டும் சொல்லு. வாளிக் கதையெல்லாம் எடுக்காத."

"நான் எங்கடி எடுக்கிறேன்? அதுவா வருது."

"வந்தா முழுங்கிடு. நம்ம வீட்டுல உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற முறை எனக்குத்தான்."

அன்று இருபது பேர் இருந்தார்கள். நடுவில் பதிவாளர், தொப்பைக்கு மேலே கைகட்டிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாது என்ற பாவனையில் நின்றார். துப்புரவுப் பணி மேற்பார்வையாளர் வேறு கூடவே வந்து அவருக்குக் குனிந்து கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யாருக்குத்தான் தெரியாது?

முதல் முக்கால் மணி நேரம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. வருடங்கள், அளவுகள், பளிங்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, எதுவும் தப்பவில்லை. மணிக்கூண்டின் அடியில் ஒரு மாணவி கேட்டாள்: "மேல பேய் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையாங்க?"

எழுதிக் கொடுத்த தாளில் இதற்குப் பதில் இல்லை. மைக் அக்கா ஒரு கணம் முழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன் பாப்பா. பேய்னு ஒண்ணு இருந்திருந்தா இந்நேரம் அதையும் தினக்கூலிக்குப் பெருக்கச் சேர்த்திருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பதிவாளரின் தொப்பையும் ஒருமுறை குலுங்கியதை அவள் பார்த்தாள். அதில் தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் அவளைக் கவிழ்த்தது.

அடுத்தது மேல்மாடி நூலகம். பழுது பார்ப்பதற்காக மூடிக் கிடந்து அன்றுதான் திறந்திருந்தார்கள். இந்த மூன்று மாதத்தில் அவள் யாரையும் மேலே கூட்டிப் போனதில்லை. மண்டபத்துக்கு எதிரே தலைமைப் படிக்கட்டு சிவப்புக் கம்பளம் விரித்துக் காத்திருந்தது. ஏழு பேர் தோள் உரசாமல் ஏறலாம், படிகளும் தாழ்வானவை. அவள், "வாங்க, இப்ப மேல போவோம்" என்றாள். வாய் அப்படிச் சொன்னது. கால் வலப்பக்கம் திரும்பி, தூணுக்குப் பின்னால் இருந்த சின்ன மரக்கதவைத் தள்ளியது. இருபத்திரண்டு வருடம் மேலே போவதென்றால் அந்தக் காலுக்கு அதுதான் வழி.

பத்தாவது படியில்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். இருபது பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். திரும்பச் சொன்னால் கீழே இருப்பவர் முதலில் இறங்க வேண்டும். கீழே, கதவை அடைத்த மாதிரி, பதிவாளர்.

போச்சு, என்று நினைத்தாள். தைலம் மணந்தது மூக்கில்.

வெளியே அத்தனை மெருகோடு நின்ற சுவர், உள்ளே பூச்சு இல்லாமல் பச்சையாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்க வாளி உரசி உரசி இடுப்பு உயரத்தில் ஒரு பள்ளம், மாட்டு வண்டித் தடம் மாதிரி.

"இது என்னம்மா கோடு?" என்றார் ஒரு கொத்தனார். குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவர்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "வாளி உரசினதுங்க. எனக்கு முன்னால வந்தவங்க, அவங்களுக்கு முன்னால வந்தவங்க. இதுல கடைசி இருபத்திரண்டு வருஷம் நம்மது."

கொத்தனார் சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். ஒரு செங்கல்லில் வரிசையாக நாலு சின்னக் குழிகள்.

"அது இருட்டுல பிடிச்சு ஏற வசதியா இருக்கும்" என்றாள் மைக் அக்கா.

"விரலும்மா அது. சூளைக்குப் போறதுக்கு முன்னால ஈரக் கல்லைத் தூக்கினப்போ பதிஞ்சது. பாருங்க, பெரிய ஆள் கை இல்ல இது. பொம்பளை கை, இல்லேன்னா புள்ளை கை."

ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியாகப் பதிவாளர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து தன் விரலை வைத்துப் பார்த்தார். நகம் மட்டும் நுழைந்தது.

அப்போது மேலிருந்து, "யாருடி கீழ? வழி விடுங்கடி, வாளி வருது!" என்று இரைப்போடு ஒரு குரல். பெரியக்கா, அந்தக் கட்டடத்தில் மைக் அக்காவுக்கும் மூன்று வருடம் மூத்த வேலையாள். ஒரு படி இறங்கி, இருபது தலைகளைக் கண்டதும் அப்படியே பின்வாங்கி மேலே ஏறினாள், தளும்பும் அழுக்குத் தண்ணீரோடு. ஒவ்வொரு படிக்கும் அவள் நெஞ்சு விசிலடித்தது. அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்துதான் மற்றவர்களும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மாலையில் பதிவாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேற்பார்வையாளரும் நின்றார்.

"ஏம்மா, அவ்வளவு பெரிய படிக்கட்டு இருக்கு. எங்களை ஏன் அந்தப் பொந்துக்குள்ள கூட்டிட்டுப் போனீங்க?"

"கால் பழக்கம் ஐயா. நாங்க பெரிய படியில ஏறக் கூடாதுல்ல. விடியறதுக்கு முன்னால துடைச்சிட்டு இறங்கிடுவோம். அதோட சரி."

"யார் சொன்னது ஏறக் கூடாதுன்னு?"

அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர், "எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னார் சார்" என்றார். "அவருக்கு யார் சொன்னது?" "அவருக்கு முன்னாடி இருந்தவர்." பழைய உத்தரவுக் கோப்புகள் ஐந்து கட்டு வந்தன. பூச்சி பறந்தது, உத்தரவு கிடைக்கவில்லை. எவனோ ஒருவன், தன் கண்ணில் வாளி படக் கூடாது என்று எப்போதோ சொன்னது. சொன்னவன் செத்து எலும்பும் மிஞ்சவில்லை, சொல் மட்டும் நூறு வருடத்துக்கு மேலாகப் பெண்களின் முழங்காலைத் தின்றுகொண்டிருந்தது. சாமியார் சொன்னாலும் சரி, சர்க்கார் சொன்னாலும் சரி, ஏன் என்று கேட்காத இடத்தில் எல்லாச் சொல்லுக்கும் ஆயுள் கெட்டி.

"அப்படி ஒரு தடையே கிடையாது" என்று கோப்பை மூடினார் பதிவாளர். "உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கிறேன். நிரந்தரத்தை அப்புறம் பார்ப்போம். ஆனா இனிமே போட்ட பாதையிலதான் போகணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினாள். முழங்கால், கையெழுத்துப் போடு என்றது. அவள் பேனாவைத் தாளின் மேல் வைத்தாள்.

"ஐயா, தடை இல்லேன்னு சொன்னீங்கள்ல, அதை எழுதித் தாங்க."

"இல்லாத உத்தரவை எப்படிம்மா ரத்து பண்றது?"

"இல்லாத உத்தரவுக்கு இத்தனை வருஷம் நாங்க அடங்கி நடந்தோமே ஐயா. இல்லேன்னு எழுதுறது அதைவிட லேசுதானே?"

மேற்பார்வையாளர் கண்ணாலேயே அவளை அதட்டினார். நீட்டிப்புத் தாள் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. பதிவாளர் தன் விரல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு வரி எழுதி முத்திரை வைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பெண்களிடம் அந்தத் தாளை அவளே உரக்கப் படித்துக் காட்டினாள். இளையவர்கள் அன்றைக்கே பெரிய படியில் ஏறினார்கள். பெரியக்கா மட்டும், "போங்கடி, எனக்கு அந்தப் பொந்தே போதும்" என்றுவிட்டாள். தாளில் எழுதியது காலுக்கு எட்ட நாளாகும்.

பத்து நாள் ஆனது. மைக் அக்கா ஒரு கூட்டத்தைத் தலைமைப் படிக்கட்டில் நிறுத்தி, கைப்பிடி மரத்தின் வேலைப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே வாளிச் சத்தம். பெரியக்கா கம்பளத்தில் கால் வைக்கலாமா என்று பார்த்து, வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தாள். தூரத்தில் மேற்பார்வையாளர் வாயைத் திறந்து மூடினார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க" என்றாள் மைக் அக்கா, புறாக்களுக்கும் கேட்கும் குரலில். "வேலைக்குப் போறவங்க வராங்க."

கோட்டும் கேமராவுமாக இருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பெரியக்கா நடுவே ஏறி வந்தாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏன்டி மைக்கு, இந்த மரத்தை இத்தனை வருஷம் துடைச்சிருக்கேன். பிடிச்சுக்கிட்டு ஏறினதே இல்லடி."

"பேசாம ஏறுக்கா. மூச்சு வாங்குது பாரு."

பெரியக்கா கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.